ஐப்பசி ஈரத்தில் ஒரு ஃபாண்டன்ட் கேக்

கேள்வி: நான் தூத்துக்குடியில் இருக்கிறேன். மூன்று வருடமாக வீட்டில் ஓடிஜியில் கேக் செய்கிறேன். விப்பிங் க்ரீம் வைத்து ஓரளவு நன்றாகவே அலங்கரிப்பேன். போன மாதம் முதல் தடவையாகக் கடையில் ஃபாண்டன்ட் வாங்கி, க்ரீம் கேக் மேல் போர்த்தினேன். ஓரத்தில் கிழிந்தது, மேலே சுருக்கம் விழுந்தது. ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்ததும் வியர்த்து, சிவப்புச் சாயம் வழிந்துவிட்டது. ஐப்பசியில் மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள். யானை பொம்மை வைத்த கேக் வேண்டும் என்கிறாள். வகுப்புக்குப் போகாமல் இதைக் கற்றுக்கொள்ள முடியுமா? எங்கள் ஊர் காற்றுக்கு ஃபாண்டன்ட் சரிப்பட்டு வருமா?

பதில்: முடியும், சரிப்பட்டும் வரும். நீங்கள் சொன்னவற்றில் சுருக்கம் ஒன்றுதான் கைப்பழக்கத்தால் வந்தது. மற்றவை கேக்கின் உள்ளே இருந்த க்ரீமாலும் ஃப்ரிட்ஜாலும் வந்தவை. அதனால் உங்கள் கை மேல் சந்தேகப்படாதீர்கள்.

ஃபாண்டன்ட் என்பது பெரும்பாலும் சர்க்கரை. பொடித்த சர்க்கரையை ஜெலட்டினோ வேறு பசையோ, லிக்விட் குளுக்கோஸ், கிளிசரின், கொஞ்சம் கொழுப்பு சேர்த்து மாவு போலப் பிசைந்திருப்பார்கள். சர்க்கரை எங்கே ஈரம் கண்டாலும் இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் மூடாமல் வைத்த கருப்பட்டி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் ஊர் மக்ரூனை டப்பாவை விட்டு எடுத்து வெளியே வைத்தால் சாயங்காலத்துக்குள் மொறுமொறுப்பு போய்விடும். ஃபாண்டன்டுக்கும் அதே குணம். வெளியே கடற்காற்றின் ஈரம், உள்ளே க்ரீமின் ஈரம் என இரண்டு பக்கமும் சேர்ந்தால் அது என்ன செய்யும்? உங்கள் கேக்கில் நடந்தது அதுதான்.

க்ரீம் கேக் மேல் முழுதாக ஃபாண்டன்ட் போர்த்தாதீர்கள். விப்பிங் க்ரீமில் தண்ணீர் அதிகம். அது ஃபாண்டன்டை அடியிலிருந்து கரைக்கும். அதோடு மெத்தென்று இருப்பதால் மேலே விழும் பாரத்தையும் தாங்காது. நான் முதன்முதலில் போர்த்திய கேக்கும் இப்படித்தான் போனது. உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் கொண்டுபோய் வைத்த ஒரு மணி நேரத்தில் பக்கமெல்லாம் தொப்பை விழுந்து, அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. காரணம் புரியாமல் அடுத்த இரண்டு கேக்கையும் அதே மாதிரி கெடுத்தேன். நீங்கள் முதல் கேக்கிலேயே கேட்டுவிட்டீர்கள், அது நல்லது.

க்ரீமுக்குப் பதில் சாக்லேட் கனாஷ் பூசுங்கள். டார்க் சாக்லேட் என்றால் 400 கிராமுக்கு 160 மில்லி க்ரீம். சாதாரணமாக இரண்டுக்கு ஒன்று என்று சொல்வார்கள், நம் வெயிலுக்கு க்ரீமை இப்படிக் குறைத்தால்தான் கெட்டியாக நிற்கும். ஒயிட் சாக்லேட் இன்னும் இளகுவது. அதற்கு மூன்றுக்கு ஒன்றாவது வேண்டும், வெக்கை அதிகமான நாளில் நான்குக்கு ஒன்று. கடையில் கிடைக்கும் காம்பவுண்ட் சாக்லேட்டே இதற்குப் போதும். க்ரீமைக் கொதி வரும் வரை சூடாக்கி, பொடியாக நறுக்கிய சாக்லேட் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டுப் பிறகு கலக்குங்கள். மூடி வைத்து, சில மணி நேரம் ஆறி வேர்க்கடலை வெண்ணெய் பதத்துக்கு வந்ததும் பூசலாம். உள்ளே இருக்கும் கேக்கும் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும். பஞ்சு போன்ற ஸ்பாஞ்ச் வேண்டாம், வெண்ணெய் சேர்த்த கேக் நல்லது. சர்க்கரைப் பாகைத் தொட்டுத் தடவினால் போதும், ஊற்றக் கூடாது. கனாஷ் பூசிய கேக்கின் பக்கம் நேராகவும் மேல் விளிம்பு கூராகவும் வரும் வரை பொறுமையாகச் சீவுங்கள். அடியில் ஒரு மேடு இருந்தால் ஃபாண்டன்ட் அதை மறைக்காது, எடுத்துக் காட்டும். பூசிய கேக்கை இரவு முழுக்க இறுக விட்டுவிடுங்கள்.

அடுத்து ஃபாண்டன்ட். வீட்டில் கிண்டலாம்தான், ஆனால் முதல் சில தடவை கடையில் வாங்குங்கள். மிக்ஸியில் அரைத்த சர்க்கரை எவ்வளவு சலித்தாலும் கொஞ்சம் குறுணை நிற்கும், அந்தக் குறுணை இருக்கும் இடத்தில்தான் கிழியும். கிழிவதற்குக் காரணம் மாவா, கையா என்று தெரியாமல் கற்றுக்கொள்வது கஷ்டம். உங்கள் வீட்டில் சைவம் என்றால் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி பார்த்து வாங்குங்கள். ஜெலட்டின் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது.

இனி தேய்ப்பது. சப்பாத்தி போடுகிற கைக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். ஆறு அங்குல அகலம், நான்கு அங்குல உயரம் உள்ள கேக்குக்கு அரை கிலோ வேண்டும். அகலத்தோடு இரண்டு பக்க உயரத்தையும் கூட்டினால் பதினான்கு, வெட்டி எறிய ஓர் அங்குலம், ஆக பதினைந்து அங்குல வட்டம். தேய்க்கும் முன் கையில் துளி டால்டா தடவிக்கொண்டு, சூயிங் கம் போல இழுபடும் வரை ஐந்து நிமிடம் பிசையுங்கள். மேடையில் கார்ன்ஃப்ளாரை லேசாகத் தூவுங்கள். நிறையத் தூவினால் வறண்டு வெடிக்கும். இரண்டு தடவை உருட்டியதும் கால் வட்டம் திருப்புங்கள், அப்போதுதான் மேடையில் ஒட்டாது. ஆனால் சப்பாத்தி மாதிரி மறுபக்கம் புரட்டக் கூடாது. மூன்று, நான்கு மில்லிமீட்டர் கனத்தில் நிறுத்திவிடுங்கள்.

ஒரு விஷயம் பலர் சொல்வதில்லை: தேய்க்கும்போது ஃபேனை அணைத்துவிடுங்கள். நம் வீடுகளில் தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றில் ஃபாண்டன்டின் மேல்தோல் பத்து நிமிடத்துக்குள் காய்ந்து, யானைத் தோல் போலச் சின்னச் சின்ன வெடிப்பு விழும். நீங்கள் சொல்லும் சுருக்கம் இதுவாக இருந்தால் அந்த இடத்தில் கொஞ்சம் டால்டா தொட்டு விரல் நுனியால் வட்டமாகத் தேயுங்கள், பெரும்பாலும் மறையும். பயன்படுத்தாத மிச்சத்தை உடனே க்ளிங் ராப்பில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிடுங்கள்.

போர்த்துவதற்கு முன் கனாஷ் மேல் சர்க்கரைப் பாகை மெல்லியதாகத் தடவுங்கள், அதுதான் ஒட்டும் பசை. வட்டத்தை உருட்டுக் கட்டையில் சுற்றி எடுத்து, கேக்கின் நடுவில் விரியுங்கள். முதலில் மேல்பக்கம், உடனே மேல் விளிம்பைச் சுற்றிலும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துவிடுங்கள். பாரம் கீழே இழுத்தால் விளிம்பில்தான் கிழியும், உங்களுக்குக் கிழிந்ததும் அங்கேதான் என்று நினைக்கிறேன். அப்புறம் பக்கங்கள். கீழே தொங்கும் பகுதி சேலைக் கொசுவம் போல மடிப்பு மடிப்பாக நிற்கும். மடிப்பின் மேலேயே அழுத்தாதீர்கள், அழுத்தினால் அது நிரந்தர மடிப்பாகிவிடும். கொசுவத்தைப் பிரிப்பது போல ஒவ்வொரு மடிப்பையும் வெளிப்பக்கம் இழுத்து விரித்து, மறு கையால் மேலிருந்து கீழாகத் தடவி ஒட்டுங்கள். காற்றுக் குமிழ் இருந்தால் சுத்தமான ஊசியால் சாய்வாகக் குத்தி அமுக்கினால் போய்விடும். அடியில் மிஞ்சியதைப் பீட்ஸா கட்டரால் வெட்டுங்கள்.

இதைக் கேக்கில் பழகாதீர்கள். வீட்டில் ஆறு அங்குல எவர்சில்வர் டப்பா ஒன்று இருக்கும். அதைக் கவிழ்த்து, வெளியே டால்டா தடவி, ஃபாண்டன்டைப் போர்த்துங்கள். பிடிக்கவில்லையா, உரித்துப் பிசைந்து மறுபடி போர்த்துங்கள். ஒரு கிலோ பாக்கெட்டில் பாதியை இதற்கென்றே ஒதுக்கினால் நான்கு சாயங்காலம் பழகலாம். நான் சொல்லிக்கொடுத்தவர்களில் பலருக்கு மூன்றாம் நாள் கொசுவம் பிரிப்பது கைக்கு வந்துவிடுகிறது. பழகிய ஃபாண்டன்டில் கார்ன்ஃப்ளார் ஏறிப்போயிருக்கும், அதைக் கேக்குக்கு எடுக்காதீர்கள், குழந்தைக்கு விளையாடக் கொடுத்துவிடுங்கள்.

நிறத்துக்கு ஜெல் கலர் மட்டும் வாங்குங்கள். தண்ணீர் கலர் மாவை இளக்கிவிடும். பல்குத்தும் குச்சியின் நுனியில் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ஓர் இரவு வைத்தால் நிறம் இன்னும் ஒரு படி அடர்த்தியாகும், அதனால் நீங்கள் விரும்புவதை விட வெளிறியே நிறுத்துங்கள். கடும் சிவப்பும் கறுப்பும் வீட்டில் கலக்க வேண்டாம். அவற்றுக்கு அளவுக்கு மேல் கலர் போட வேண்டியிருக்கும், மாவு பிசுபிசுத்துவிடும், வியர்த்தால் பக்கத்தில் இருப்பதையும் கறையாக்கும். அந்த நிறத்திலேயே ரெடிமேடாகக் கிடைக்கிறது. ஐப்பசி ஈரத்துக்கு மகளின் கேக்கை வெளிர் மஞ்சளிலோ இளநீலத்திலோ போர்த்துங்கள், வியர்த்தாலும் தெரியாது. இளஞ்சிவப்பும் ஊதாவும் வெயில் படும் ஜன்னலோரத்தில் வெளுத்துப்போகும்.

யானையை ஒரு வாரம் முன்னால் செய்துவிடுங்கள். 250 கிராம் வெள்ளை ஃபாண்டன்டில் கறுப்பு ஜெல் துளி தொட்டுச் சாம்பல் நிறமாக்கி, ஒரு டீஸ்பூன் சி.எம்.சி. பவுடர் (கேக் சாமான் கடையில் கிடைக்கும், சாப்பிடக்கூடிய பசைப் பொடி) தூவிப் பிசைந்து, சுற்றி வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். அந்தப் பவுடர்தான் பொம்மையை விறைக்க வைப்பது. எதைச் செய்தாலும் வெடிப்பில்லாத உருண்டையில் தொடங்குங்கள். பெரிய உருண்டை உடம்பு. குட்டையான நான்கு தடிகள் கால்கள், உட்கார்ந்த யானை என்றால் இன்னும் சுலபம். தலைக்கு இன்னொரு உருண்டை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் இரண்டு விரல்களுக்கு இடையே உருட்டி நீட்டினால் துதிக்கை தானாக வரும், தனியாக ஒட்ட வேண்டாம். காது மட்டும் மெல்லியதாகத் தட்டி ஒட்டுங்கள். இரண்டு ஸ்பூன் தண்ணீரில் ஒரு சிட்டிகை சி.எம்.சி. கரைத்து இரவு வைத்தால் அதுவே பசை. தலையை உடம்பில் நிறுத்தப் பல்குத்தும் குச்சியோ கம்பியோ வைக்காதீர்கள், ஐந்து வயதுக் குழந்தை நேராக வாயில் வைத்துக் கடிக்கும். வேகவைக்காத ஸ்பகெட்டி ஒரு துண்டு போதும். யானையை டப்பாவில் அடைக்காமல், அட்டைப் பெட்டியில் மெல்லிய துணி மூடி, ஃபேன் காற்றுப் படும் இடத்தில் காயவிடுங்கள். ஈரக் காற்றில் முழுதாக இறுக நான்கைந்து நாள் ஆகும். ஃப்ரிட்ஜ் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

பிறந்தநாளுக்கு முந்தின இரவு கனாஷ், அன்றைக்குக் காலை ஃபாண்டன்ட். இந்த வரிசையில் செய்தால் ஃப்ரிட்ஜ் தேவையே இல்லை. உள்ளே பழமோ கஸ்டர்டோ வைக்காமல், வெயில் படாத, வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் வையுங்கள். க்ரீம் சேர்ந்த கனாஷ் என்பதால் சாயங்காலத்துக்கு மேல் வெளியே வைக்க நான் சொல்லமாட்டேன். எப்படியும் ஃப்ரிட்ஜில் வைத்தே ஆக வேண்டும் என்றால் கேக்கை அட்டைப் பெட்டியில் போட்டு மூடி வையுங்கள், அட்டை கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சும். வெளியே எடுத்ததும் பெட்டியைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் விடுங்கள். காற்றிலிருக்கும் ஈரம் பெட்டியின் மேல் படியும், கேக்கின் மேல் அவ்வளவாகப் படியாது. அதையும் மீறி வியர்த்தால் கை வைக்காமல், துடைக்காமல் ஃபேன் அடியில் விடுங்கள், தானாகக் காயும். உங்கள் சிவப்புச் சாயம் வழிந்ததும் துடைக்கப் போனதால்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்றைக்கு மழை ஊற்றித் தள்ளுகிறது, முழுக்கப் போர்த்தத் தைரியம் வரவில்லை என்றால் ஒரு மாற்று வழி இருக்கிறது. உங்களுக்குக் கைவந்த க்ரீம் கேக்கையே செய்து, யானையை மட்டும் மேலே வையுங்கள். யானையின் அடிப்பக்கம் உருக்கிய ஒயிட் காம்பவுண்டைத் தடவிக் காயவிட்டால் க்ரீமின் ஈரம் சீக்கிரம் ஏறாது. பாரம் அமுங்காமல் இருக்க, கேக்கின் உயரத்துக்கு வெட்டிய தடித்த ஸ்ட்ரா மூன்றை அந்த இடத்தில் செருகி, அதன் மேல் உட்கார வையுங்கள். பாட்டுப் பாடப் போகும்போது யானையை வைத்தால் போதும். வெட்டும் முன் யானையை எடுத்து மகள் கையில் கொடுத்துவிட்டு, ஸ்ட்ராக்களை எண்ணி வெளியே எடுத்துவிடுங்கள்.