கூலர் பின் உடைந்தால் ஒட்டலாமா, மாற்ற வேண்டுமா?

கேள்வி: தூசி தட்டலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்து, ப்ராசசர் மேலிருந்த கூலரைக் கழற்றினேன். இன்டெல் ப்ராசசரோடு பெட்டியில் வந்த வட்டமான கூலர்தான். இழுத்த வேகத்தில் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்றின் வெள்ளைக் கால் உடைந்துவிட்டது, இன்னொன்று வளைந்துவிட்டது. அப்படியே திரும்ப மாட்டினேன். ஒரு மூலை ஆடுகிறது. கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, ஆனால் கொஞ்ச நேரத்தில் ரொம்ப மந்தமாகிவிடுகிறது. சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிவிடலாமா? இல்லை, புதுக் கூலரே வாங்க வேண்டுமா?

பதில்: ஒட்ட வேண்டாம், புதுக் கூலரும் வேண்டாம். இந்தப் பின்கள் தனியாகவே கிடைக்கின்றன. 'புஷ் பின்' என்று கேட்டால் பெரும்பாலும் நான்கு சேர்ந்த செட்டாகத் தருவார்கள். உடைந்ததை மட்டும் மாற்றாமல் நான்கையும் மாற்றுங்கள். ஒரே வயதுள்ள பிளாஸ்டிக், ஒரே சூட்டில் கிடந்தது. ஒன்று போனால் மற்றவையும் அந்த நிலையில்தான் இருக்கும்.

புதுப் பின்கள் வரும் வரை அந்தக் கம்ப்யூட்டரை ஆன் செய்யாதீர்கள். நீங்கள் பார்க்கும் மந்தம் பெரும்பாலும் ப்ராசசர் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் வேலை. இன்டெல் ப்ராசசர்கள் பலவற்றில் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி வேகம் தானாகக் குறைந்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். உடனே எரிந்துபோகாது என்பது ஆறுதல்தான், அதற்காக அப்படியே ஓட்டக் கூடாது.

க்ளூ ஏன் உதவாது என்றால், பின்னின் வேலை கூலர் விழாமல் பிடித்துக்கொள்வது மட்டும் இல்லை. ஹீட்சிங்கை, அதாவது கூலரின் உலோகப் பகுதியை, ப்ராசசர் மேல் ஓயாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கூலரின் நான்கு கைகள் லேசாக வளைந்து அந்த அழுத்தத்தைத் தருகின்றன. சில கூலர்களில் தனி ஸ்ப்ரிங்கே இருக்கும். ஒவ்வொரு மூலையிலும் அந்த இழுவிசையைத் தாங்குவது விரல் நுனி அளவுகூட இல்லாத இரண்டு பிளாஸ்டிக் கால்கள். ஒட்டிய இடம் நாள் முழுக்க இழுபட்டு, சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி, ஒருநாள் விட்டுவிடும். கேபிள் டை போட்டு இறுக்குகிறவர்களும் உண்டு. ஒரு பக்கம் தூக்கும், ஒரு பக்கம் இறங்கும். பார்க்க இறுக்கமாக இருக்கும், அடியில் தொடர்பு இருக்காது.

வாங்கும்போது கூலரின் பெயரைவிட மதர்போர்டின் சாக்கெட் (ப்ராசசர் உட்காரும் இடம்) பெயர்தான் முக்கியம். சாக்கெட்டைச் சுற்றியுள்ள நான்கு துளைகளின் இடைவெளி, பழைய எல்ஜிஏ 775-ல் 72 மில்லிமீட்டர். 1156, 1155, 1150, 1151, 1200 எல்லாவற்றிலும் 75. 1700, 1851 இரண்டிலும் 78. மூன்று மில்லிமீட்டர்தானே என்று இழுத்துப் பிடித்து மாட்டப் போனால் அடுத்த பின்னும் உடையும்.

இனி மாட்டும் விதம். பின்னில் இரண்டு துண்டுகள்: நுனி பிளந்த வெள்ளை உறை, அதற்குள் இறங்கும் கறுப்புத் தண்டு. வெள்ளைக் கால்கள் போர்டின் துளை வழியாக மறுபக்கம் போன பிறகு கறுப்புத் தண்டு நடுவே இறங்கி அவற்றை விரித்துவிடும். அப்புறம் அவை வெளியே வர முடியாது. பின்னின் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கும், பாருங்கள். அது காட்டும் திசையில் கால் சுற்று திருப்பி, மேலே இழுத்தால் பூட்டு விடும். திருப்பாமல் இழுத்தால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். மாட்டுவதற்கு முன் தலையை எதிர்த்திசையில் பழைய நிலைக்குத் திருப்பி, கறுப்புத் தண்டு முழுக்க மேலே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதி இறங்கிய தண்டோடு அழுத்தினால், விரிந்த கால்கள் துளைக்குள் நுழையாமல் மடங்கும்.

முடிந்தால் மதர்போர்டைக் கேஸிலிருந்து வெளியே எடுத்துவிட்டு மாட்டுங்கள். வேலை கூடுதல்தான், ஆனால் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியும். குறுக்கே எதிரெதிர் மூலைகளாக, ஒரே நேரத்தில் இரண்டு பின்களை அழுத்துங்கள். 'க்ளிக்' சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். போர்டைத் திருப்பினால் ஒவ்வொரு துளையிலும் இரண்டு வெள்ளைக் கால்களும் முழுதாக வெளியே வந்து, நடுவில் கறுப்பு நுனி தெரிய வேண்டும். ஒரு கால் உள்ளேயே மடங்கிக் கிடந்தால் கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

கூலரை ஒருமுறை தூக்கினாலே ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட் வீண். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்தால் போதும்.

இன்டெலுக்குப் பதில் ஏஎம்டி ப்ராசசருக்கான போர்டு வைத்திருப்பவர்களுக்குப் பிரச்சினை வேறு மாதிரி வரும். கிளிப் வகைக் கூலரில் உடைவது, சாக்கெட்டின் இருபுறமும் உள்ள பிளாஸ்டிக் பிராக்கெட்டின் கொக்கி. பிராக்கெட்டும் தனியாகக் கிடைக்கும்; ஏஎம்3 சாக்கெட்டில் துளை இடைவெளி 48-க்கு 96 மில்லிமீட்டர், ஏஎம்4-ல் 54-க்கு 90 என்பதால் ஒன்று மற்றதற்குப் பொருந்தாது. ஏஎம்4-ல் பிராக்கெட்டின் நான்கு திருகுகளையும் கழற்றினால் போர்டின் பின்னால் இருக்கும் தகடான பேக்பிளேட் கீழே விழுந்துவிடும், ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். ஏஎம்5-ல் அந்தத் தொல்லை இல்லை, பேக்பிளேட்டைச் சாக்கெட்டே பிடித்திருக்கும்.

திருகு தொலைந்தாலோ மரை போனாலோ கையில் கிடைத்த திருகைப் போட்டு முறுக்காதீர்கள். ஏஎம்4, ஏஎம்5 பேக்பிளேட்டில் இருப்பது 6-32 என்ற அங்குலக் கணக்கு மரை. மில்லிமீட்டர் கணக்கில் வரும் எம்3 திருகு பார்க்கக் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும், ஆனால் பிடிக்காது. எம்4 திருகை முறுக்கி நுழைத்தால் பேக்பிளேட்டின் மரையே போய்விடும். ஸ்ப்ரிங் வைத்த திருகுக்குப் பதில் சாதாரணத் திருகு போட்டால் எவ்வளவு இறுக்குவது என்பதற்கு அளவே இருக்காது, போர்டு வளையும். பேக்பிளேட்டுக்கும் போர்டுக்கும் நடுவே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் உலோகம் சால்டர் முனைகளைத் தொட்டால் ஷார்ட் ஆகும்.

தனியாக வாங்கிய கூலர் என்றால் முதலில் தயாரிப்பாளருக்கு எழுதிப் பாருங்கள். நோக்டுவா போன்ற நிறுவனங்கள் வாங்கிய ரசீதைக் காட்டினால் மவுண்டிங் கிட்டை (கூலரை மாட்டும் பாகங்களின் செட்) இலவசமாகவே அனுப்பியிருக்கின்றன. போர்டின் துளையே விரிசல் விட்டிருந்தால் மட்டும் கதை வேறு. பெரிதாகத் துளைபோட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். போர்டுக்குள் பல அடுக்குகளில் செம்புத் தடங்கள் ஓடுகின்றன.

புதுப் பின்களும் சீக்கிரமே உடைந்தால், உங்கள் சாக்கெட்டுக்கு ஏற்ற, பேக்பிளேட்டும் திருகும் உள்ள கூலருக்கு மாறிவிடுவது நல்லது. அடிக்கடி கழற்றித் தூசி தட்டுகிறவர்களுக்கு இந்தப் பிளாஸ்டிக் பின்கள் சரிப்படாது; எனக்கு அவை எப்போதுமே பிடித்ததில்லை.

மாட்டி முடித்ததும் முதலில் பயாஸ் திரையில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரை) வெப்பநிலையைப் பாருங்கள். அங்கேயே நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் உடனே அணைத்துவிடுங்கள். சரியாக இருந்தால் விண்டோஸுக்குள் போய்க் கனமான வேலை ஒன்றைக் கொடுங்கள். வேலை தொடங்கிய சில நொடிகளிலேயே 90 டிகிரியைத் தாண்டினால் ஏதோ ஒரு மூலை இன்னும் தூக்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு மறுபடி கழற்றிப் பாருங்கள். மெதுவாக ஏறி ஓரிடத்தில் நின்றால் மாட்டியது சரி. அந்த இடமும் அதிகமாகத் தெரிந்தால் இனிப் பார்க்க வேண்டியது ஃபேனையும் கேஸின் காற்றோட்டத்தையும்தான்.