முதல் எபிசோடில் எட்டுப் பேரையும் அறிமுகப்படுத்தியே ஆக வேண்டுமா?

கேள்வி: லிஃப்ட் பழுதுபார்க்கும் சின்ன நிறுவனம் ஒன்றை வைத்து சிட்காம் (நகைச்சுவைத் தொடர்) எழுதியிருக்கிறேன். மொத்தம் எட்டுக் கதாபாத்திரங்கள். முதல் காட்சியில் முதலாளி, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணை மேஜை மேஜையாக அழைத்துப் போய் எல்லோரையும் அறிமுகம் செய்துவைக்கிறார். படித்தவர்கள், "யார் யார் என்று மனதில் நிற்கவில்லை" என்கிறார்கள். 'கேரக்டர் பைபிள்' (ஒவ்வொரு கதாபாத்திரத்தின் பின்னணி விவரங்களும் அடங்கிய தொகுப்பு) எழுதிக் கொடுத்து, சேனலிலும் சேர்த்துவிடுவதாகச் சொல்லி ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த ஆளைப் பற்றிப் பிறகு பேசுகிறேன், முதலில் ஸ்கிரிப்ட்.

உங்கள் முதல் காட்சியில் முதலாளி என்ன சொல்கிறார்? "இவர் கணக்குப் பார்ப்பவர், பைசா விடமாட்டார். இவர் சீனியர் மெக்கானிக், வாயைத் திறந்தால் மூடமாட்டார்." ஆறு மேஜை, ஆறு வரி. கணக்காளர் கருமி என்று சொல்லியாகிவிட்டது. அவர் கருமித்தனமாக எதையாவது செய்தாரா என்றால் இல்லை. பார்ப்பவருக்குத் தகவல் வந்து சேர்கிறது, சிரிப்பு வரவில்லை. சிட்காமில் சிரிக்கவைக்காத ஆளின் பெயர் அடுத்த காட்சிக்குள் மறந்துபோகும்.

அரை மணி நேரத் தொடரில் விளம்பரம் போக உங்களுக்குக் கிடைப்பது சுமார் 22 நிமிடம். எட்டுப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு மூன்று நிமிடம்கூடத் தேறாது. அதனால் பிரிக்காதீர்கள். எல்லோர் தலையிலும் ஒரே நேரத்தில் விழுகிற மாதிரி ஒரு தொல்லையை உள்ளே விடுங்கள். அந்தத் தொல்லையில் அவரவர் என்ன செய்கிறார்களோ அதுவே அவர்களுடைய அறிமுகம்.

1994-இல் வந்த அமெரிக்க சிட்காம் 'ஃப்ரெண்ட்ஸ்' முதல் எபிசோடை மறுபடி போட்டுப் பாருங்கள். காபிக் கடையில் உட்கார்ந்து ராஸ், தனக்கு மறுபடி கல்யாணமானால் போதும் என்று புலம்புகிறான். அதே நொடியில் கல்யாண கவுனோடு ரேச்சல் உள்ளே ஓடிவருகிறாள். உடனே சாண்ட்லர், தனக்குப் பத்து லட்சம் டாலர் வேண்டும் என்கிறான். ஒருவன் ஏங்குகிறவன், இன்னொருவன் எதைக் கண்டாலும் கிண்டலடிப்பவன் என்று தெரிந்துபோயிற்று. இதற்குப் பிறகுதான் மோனிகா எல்லோர் பெயரையும் வரிசையாகச் சொல்கிறாள். ஆமாம், உங்கள் முதலாளி செய்வதையேதான் அவளும் செய்கிறாள். ஆனால் அதற்குள் ஆட்கள் நமக்குப் பழகிவிட்டார்கள், பெயர் மட்டும்தான் பாக்கி. அந்த நேரத்திலும் ராஸ் ரேச்சலைக் கட்டிக்கொள்ளப் போக, கையிலிருந்த குடை பட்டென்று விரிந்து மானத்தை வாங்குகிறது.

உங்களிடம் இதைவிட நல்ல சரக்கு இருக்கிறது, பயன்படுத்தாமல் வைத்திருக்கிறீர்கள். லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியின் சொந்த லிஃப்ட் நின்றுபோகட்டும், உள்ளே முதலாளி. வெளியாளைக் கூப்பிட்டால் என்ன செலவாகும் தெரியுமா என்று கணக்காளர் கதவிடுக்கு வழியாக முதலாளியிடமே வாதாடட்டும். சீனியர் மெக்கானிக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அந்தக் காலத்து லிஃப்டின் அருமை பெருமைகளைப் பேசட்டும். ரிசப்ஷனிஸ்ட் அதே வேளையில் போனில் ஒரு வாடிக்கையாளரிடம், "நம்ம லிஃப்ட் நிக்கவே நிக்காது சார்" என்று சத்தியம் செய்யட்டும். "அவரை வெளியே எடுக்க வேண்டாமா?" என்று கேட்பது புதிதாக வந்த பெண் ஒருத்திதான். ஐந்து பேர் ஆகிவிட்டது. யாரும் யாரையும் அறிமுகப்படுத்தவில்லை.

மீதி மூன்று பேர் இரண்டாவது எபிசோடில் வரட்டும், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. 1989-இல் ஒளிபரப்பான 'சைன்ஃபெல்ட்' முதல் எபிசோடில், பின்னாளில் நான்கு முக்கியப் பாத்திரங்களில் ஒருத்தியான எலேன் கிடையாது. 'சியர்ஸ்' 1982-இல் தொடங்கியது, அதில் ஃப்ரேசியர் வந்ததே மூன்றாவது சீசனில். பின்னாளில் அவருக்கென்று தனித் தொடரே எடுத்தார்கள்.

ஆனால் இதைச் சேனல் அலுவலகத்தில் சொல்லிப் பாருங்கள். போஸ்டரில் இருக்கிற முகமெல்லாம் முதல் எபிசோடில் வர வேண்டும் என்பார்கள், புரொமோ வெட்ட வேண்டுமாம். சரி என்று எட்டுப் பேரையும் திணித்து அனுப்பினால் அதே ஆட்கள், "கூட்டம் அதிகம், யார் யாரென்று புரியவில்லை" என்று குறிப்பு எழுதி அனுப்புவார்கள். இதற்கு என்னிடம் மருந்து இல்லை. ரொம்பவும் வற்புறுத்தினால், மற்ற மூவரையும் லிஃப்ட் வாசலில் ஆளுக்கொரு வரியோடு நிறுத்திவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இதைத்தான் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். கதாபாத்திரம் கேமராவைப் பார்த்துத் தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்ளும் ஆவணப்பட பாணித் தொடர்கள். 2005-இல் வந்த அமெரிக்க 'தி ஆபீஸ்' முதல் எபிசோடில் மைக்கேல் ஸ்காட், 'உலகின் தலைசிறந்த பாஸ்' என்று எழுதிய கோப்பையைப் பெருமையாகக் காட்டுகிறார். அதை அவரே கடையில் வாங்கியது என்பதும் அவர் வாயாலேயே வந்துவிடுகிறது. தன்னைப் பற்றி அவர் சொல்வது ஒன்று, நாம் பார்ப்பது வேறு. அந்த இடைவெளியில்தான் சிரிப்பு இருக்கிறது. ஆகவே வாய்விட்டுச் சொல்லும் அறிமுகம், சொல்பவர் தன்னைப் பற்றித் தவறாக நினைத்துக்கொண்டிருந்தால் மட்டுமே வேலை செய்யும். உங்கள் கணக்காளர் கேமராவைப் பார்த்து, "நான் கொஞ்சம் கருமி" என்றால் அது வெறும் வாக்குமூலம். "என்னை மாதிரி தாராளமான ஆளைப் பார்க்க முடியாது" என்று சொல்லிக்கொண்டே ஒரு தேநீர்ப் பையை மூன்றாவது தடவையாகக் கோப்பையில் முக்கினால் அது அறிமுகம். கேமராவைப் பார்த்துப் பேசவைத்தால் வேலை சுலபம் என்று நினைத்து இந்தப் பாணிக்குத் தாவாதீர்கள். இது கூடுதல் வேலை, ஒவ்வொரு வரிக்கும் அதைப் பொய்யாக்கும் ஒரு காட்சி எழுத வேண்டியிருக்கும்.

இனி அந்தப் பைபிள்காரர். பிறந்த நட்சத்திரம், பிடித்த நிறம், சிறுவயதுக் காயம் என்று ஆளுக்கு ஐந்து பக்கம் நிரப்பித் தருவார்கள். அதில் ஒரு வரிகூட எபிசோடில் வராது. படப்பிடிப்புக்குப் போனால் பெயரே மாறும். 'சைன்ஃபெல்ட்' முதல் எபிசோடில், பின்னாளில் கிரேமர் என்று பிரபலமான பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் கெஸ்லர். 'தி பிக் பேங் தியரி' முதல் எபிசோடையோ இரண்டு முறை எடுத்தார்கள். முதலில் எடுத்ததில் கதாநாயகியாக இருந்த முரட்டுப் பெண்ணை நீக்கிவிட்டு, அடுத்ததில் பென்னியைக் கொண்டுவந்தார்கள். காசு கொடுத்து வாங்கிய பைபிள் அப்போது எதற்கு ஆகும்? சேனல் கேட்டால் நீங்களே எழுதலாம், அதுவும் எபிசோடை எழுதி முடித்த பிறகு, சில பக்கங்களில்.

'சேர்த்துவிடுகிறேன்' என்பது இன்னும் மோசம். முறையான ஏஜென்ட் ஸ்கிரிப்ட் விற்ற பிறகு அந்தத் தொகையில் கமிஷன் எடுத்துக்கொள்வார். முன்பணம் கேட்பவருக்கு உங்கள் தொடர் விற்றாலும் ஒன்றுதான், விற்காவிட்டாலும் ஒன்றுதான். பைபிள் எழுதிக் கொடுத்ததைக் காட்டி, ஒப்பந்தத்தில் 'இணை உருவாக்கம்' என்று தன் பெயரையும் நுழைப்பது இவர்களுடைய அடுத்த வேலை. அந்த இரண்டு சொற்களுக்குத்தான் பிற்காலத்தில் பணமே வரும். யார் நீட்டினாலும், எவ்வளவு அவசரம் என்றாலும், அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அவரிடம் முழு ஸ்கிரிப்டையும் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால், எந்தத் தேதியில் எதை அனுப்பினீர்கள் என்று காட்டும் மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள். ஸ்கிரிப்டை எழுத்தாளர் சங்கத்தில் இந்த வாரமே பதிவு செய்யுங்கள். வெறும் யோசனைக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) கிடையாது, எழுதிய பக்கங்களுக்குத்தான் உண்டு. லிஃப்ட் காட்சியை எழுதி முடித்ததும் புதிய வடிவத்தையும் தனியாகப் பதிவு செய்துவிடுங்கள், அதன் பிரதி அவர் கைக்குப் போக வேண்டியதில்லை.