பேரீச்சம்பழத்துக்குள் என்ன வைக்கலாம்? இனிப்பாகவும் உறைப்பாகவும்

கேள்வி: வணக்கம் டீச்சர். நாங்கள் தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். கட்டாரில் வேலை செய்யும் அக்கா லீவில் வந்தபோது ஒரு பெட்டி பெரிய பேரீச்சம்பழம் கொண்டுவந்தார். டவுனில் வாங்கிய சின்னப் பழமும் ஒரு கிலோ இருக்கிறது. அது குளிருக்கு இறுகிக் கட்டியாகக் கிடக்கிறது. அடுத்த மாதம் மகனுக்கு 5ஆவது பிறந்தநாள், 30 பேர் அளவில் வருவார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்க, பழத்துக்குள் ஏதாவது வைத்து இனிப்பாகக் கொஞ்சம், உறைப்பாகக் கொஞ்சம் செய்ய ஆசை. முன்பு கஜுவும் கருப்பட்டியும் வைத்துச் செய்தேன், திகட்டிவிட்டது. ஒன்றுக்கு மேல் யாரும் எடுக்கவில்லை. வீட்டில் ஓவன் இல்லை, காஸ் அடுப்புதான். முதல் நாளே செய்து வைக்கலாமா?

பதில்: முதலில் அந்தத் திகட்டலைப் பற்றிப் பேசிவிடுவோம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. பேரீச்சம்பழத்தின் சதையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. அதற்குள் கருப்பட்டியை வைத்தால் இனிப்புக்குள் இனிப்பு. நாக்குக்கு ஓய்வே இல்லை. இனிப்பைப் பழமே கொண்டுவருகிறது. பூரணம் கொண்டுவர வேண்டியது உப்பு, புளிப்பு, உறைப்பு, மெல்லிய கசப்பு, மொறுமொறுப்பு, இவற்றில் ஒன்றிரண்டு. உறைப்பு வகைக்கு மட்டுமல்ல, இனிப்பு வகைக்கும் இதே கணக்குத்தான். கஜுவில் நீங்கள் செய்தது சரி, கருப்பட்டியை மட்டும் விட்டுவிட்டு ஒரு சிட்டிகை உப்புப் போட்டிருந்தால் தட்டு காலியாகியிருக்கும்.

உங்களிடம் இரண்டு விதமான பழம் இருப்பது நல்ல வசதி. அக்கா கொண்டுவந்தது மெஜூல் போன்ற பெரிய, சதைப்பற்றான வகையாக இருந்தால் ஒரு கிலோவுக்கு 40 முதல் 50 வரை நிற்கும். சின்னப் பழம் கிலோவுக்கு 100க்கு மேலேயே வரும். சாப்பாட்டுக்கு முன் ஒருவருக்கு மூன்று போதும். அதிகம் கொடுத்தால் பிறகு பிரியாணி அப்படியே இருக்கும். 30 பேருக்கு 90, கைகாவலாக 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பழத்தை இனிப்பு வகைக்கும், சின்னப் பழத்தை உறைப்பு வகைக்கும் எடுங்கள். உறைப்புப் பூரணம் ஒரே வாயில் போகிற அளவில் இருந்தால்தான் சுவை கூடி நிற்கும். பாதி கடித்தால் பூரணம் ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம் ஆகிவிடும்.

இறுகிய பழத்தை என்ன செய்வது? நம் ஊரில் இதற்குச் சுடுதண்ணீரை விட நல்ல வழி இருக்கிறது: தேயிலைச் சாயம். வெறும் பிளேன்டீயைக் கருப்பட்டி கடித்துக்கொண்டு குடித்தவர்களுக்கு இந்தச் சேர்க்கையை விளக்க வேண்டியதில்லை, தேயிலையின் துவர்ப்பு இனிப்பை வெட்டிக் கொடுக்கும். கொதித்த தண்ணீர் ஒரு பெரிய கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி தேயிலை, தட்டிய இஞ்சி ஒரு துண்டு, கறுவா ஒரு சிறு துண்டு போட்டு ஐந்து நிமிடம் மூடி வைத்து வடியுங்கள். சீனி வேண்டாம், பால் கூடவே கூடாது. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பழத்தை முழுதாக, கொட்டை எடுக்காமல் போட்டு 10 முதல் 15 நிமிடம் ஊற விடுங்கள். ஒரு கோப்பைச் சாயம் கால் கிலோவுக்குப் பிடிக்கும். அந்தக் கணக்கில் கூட்டிக்கொள்ளுங்கள். கொட்டையை எடுத்துவிட்டு ஊற வைத்தால் உள்ளே நீர் தேங்கி, சதை கூழாகிவிடும். பிறகு வடித்து, சுத்தமான துணியில் பரப்பி அரை மணி நேரமாவது உலர விடுங்கள். ஈரம் இருந்தால் பூரணம் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். மழைக்காலம் என்றால் இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். அக்காவின் பழம் மெத்தென்று இருந்தால் இது எதுவும் தேவையில்லை.

அடுத்து, பழத்தைத் திறப்பது. இதை மட்டும் அவசரமாகச் செய்யாதீர்கள். காம்பு இருந்த முனையில் சின்ன மூடி போல ஒன்று ஒட்டியிருக்கும், அதைக் கிள்ளி எடுங்கள். சிறிய கத்தியால் மேலிருந்து கீழே ஒரு பக்கம் மட்டும் கீறுங்கள். கத்தி கொட்டையில் தட்டும், அதோடு நிறுத்திவிடுங்கள். இரண்டு பெருவிரலாலும் மெதுவாக விரித்தால் கொட்டை தனியாகக் கழன்று வரும். கொட்டை இருந்த இடத்தில் வெள்ளையாக, மெல்லிய காகிதம் போல ஒரு சவ்வு தெரியும். அதையும் உரித்து எடுங்கள், இல்லாவிட்டால் பல்லில் சிக்கும். இப்போது வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். சதை ஒரே நிறமாகப் பளபளவென்று இருந்தால் நல்லது. கறுப்புப் பொடி, சின்னப் பூச்சி, புழுவின் எச்சம், புளித்த வாடை, இதில் ஏதாவது இருந்தால் அந்தப் பழத்தை யோசிக்காமல் எறிந்துவிடுங்கள். உள்ளே பூச்சி இருப்பது வெளியே பார்த்துத் தெரியாது, அதனால் கொட்டை நீக்கி விற்கிற பழமானாலும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதுதான் முறை. தோலிலோ உள்ளேயோ வெள்ளை மணல் மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம். அது பழத்தின் சர்க்கரையே படிகமானது, சூட்டில் கரையும். பஞ்சு போலப் படர்ந்திருந்தால் பூஞ்சணம், அது வேண்டாம்.

உறைப்பு வகையில் என் முதல் தேர்வு லீக்ஸும் சீஸும். நுவரெலியா லீக்ஸ் பக்கத்தில் கிடைக்கும்போது வேறு ஊர்ச் செய்முறையைத் தேடிப் போவானேன்? நடுத்தர லீக்ஸ் இரண்டை நீளவாக்கில் பிளந்து, மடல் மடலாக விரித்துக் கழுவுங்கள், மண் உள்ளேதான் ஒளிந்திருக்கும். வெள்ளைப் பகுதியையும் இளம்பச்சையையும் மிகப் பொடியாக அரியுங்கள். ஒரு மேசைக்கரண்டி பட்டரில் வெள்ளைப்பூடு இரண்டு பல், பச்சைக் கொச்சிக்காய் ஒன்று, இரண்டையும் பொடியாக அரிந்து வதக்கி, லீக்ஸைப் போட்டு, மெல்லிய தீயில் தண்ணீர் வற்றிச் சுருளும் வரை கிளறுங்கள். அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள் சேர்த்து இறக்கி, நன்றாக ஆற விடுங்கள். ஆறியபின் துருவிய சீஸ் 100 கிராம், தேசிக்காய்ச் சாறு சில துளி. சீஸில் உப்பு இருப்பதால் ருசி பார்த்த பிறகே உப்புப் போட வேண்டும். கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும், பழத்தோடு சேரும்போது சமமாகிவிடும். ஒரு சின்னப் பழத்துக்கு அரைத் தேக்கரண்டி பிடிக்கும். இந்த அளவு 40 பழத்துக்குக் கிட்ட வரும்.

ஓவன் இல்லையே என்று கவலைப்பட்டீர்கள். ரொட்டிக் கல் இருக்கிறதுதானே? கல்லை மெல்லிய தீயில் சூடாக்கி, துளி பட்டர் தடவி, நிரப்பிய பழங்களைக் கீறல் மேலே பார்க்க நெருக்கமாக அடுக்கி, மூடி போட்டு மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். சீஸ் இளகும், பழத்தின் அடி லேசாகக் கருகி டொபி வாசம் வரும். தீயைக் கூட்டாதீர்கள். சர்க்கரை கண் மூடித் திறப்பதற்குள் கருகிக் கசந்துவிடும். ஓவனில் வைப்பதை விட எனக்கு இதுதான் பிடிக்கிறது, அந்த அடி நிறம் ஓவனில் இப்படி வராது.

இரண்டாவது உறைப்பு வகை சீனி சம்பல், ஆனால் சீனி இல்லாமல். பெரிய வெங்காயம் அரைக் கிலோவை மெல்லியதாக அரிந்து, எண்ணெயில் கறிவேப்பிலை, ரம்பை, ஒரு துண்டு கறுவாவோடு பொறுமையாக வதக்குங்கள். 20 நிமிடமாவது ஆகும். வெங்காயம் பொன்னிறமாகச் சுருண்டதும் மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, இடித்த மாசிக் கருவாடு இரண்டு மேசைக்கரண்டி, கெட்டிப் புளிக்கரைசல் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு சேர்த்து, எண்ணெய் பிரியும் வரை கிளறி இறக்குங்கள். சீனி வேண்டிய இடத்தைப் பழம் நிரப்பிவிடும். ரம்பையையும் கறுவாவையும் எடுத்துவிட்டு, சம்பலை ஒருமுறை பொடியாகக் கொத்தினால் பழத்துக்குள் அடங்கி உட்காரும். இதைச் சூடாக்க வேண்டாம், அப்படியே வைக்கலாம். சைவக்காரர் வருகிறார்கள் என்றால் மாசி போட்டதைத் தனித் தட்டில் வையுங்கள், கரண்டியும் வேறாக இருக்கட்டும். மாசிக்குப் பதிலாக வறுத்துப் பொடித்த கச்சான் போட்டாலும் குறை சொல்ல முடியாது.

இனிப்பு வகைக்கு வருவோம். தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஒரு இரவு தொங்க விடுங்கள், அடியில் ஒரு பாத்திரம். பிரிஜ்ஜுக்குள் வடிகட்டியில் வைத்தால் இன்னும் நல்லது. அரைக் கிலோ சட்டித் தயிரில் பாதி அளவுக்குக் கெட்டியாக நிற்கும். அதில் தேசிக்காய்த் தோலின் பச்சைப் பகுதியை மட்டும் சீவிப் போடுங்கள். வெள்ளை கலந்தால் கசக்கும். ஏலக்காய்த்தூள், சிட்டிகை உப்பு. சீனியோ பாணியோ வேண்டாம். இதைப் பெரிய பழத்தில் ஒரு தேக்கரண்டி வைத்து, மேலே சிவக்க வறுத்த தேங்காய்ப்பூவைத் தூவினால் போதும். புளிப்பான குளிர்ந்த தயிர், மெத்தென்ற பழம், மொறுமொறு தேங்காய். இதில் திகட்ட இடமே இல்லை.

இன்னொன்று கஜுவும் சொக்லட்டும். கஜுவை உப்புத் தண்ணீர் தெளித்து வறுத்து, ஒன்றிரண்டாக உடைத்துப் பழத்துக்குள் அழுத்தி, கீறலை மூடிவிடுங்கள். கசப்புக் கூடிய கறுப்புச் சொக்லட்டைப் பாத்திரத்தில் போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சொக்லட் திரிந்து கட்டியாகும், எனவே பாத்திரமும் கரண்டியும் பழமும் உலர்ந்திருக்க வேண்டும். சாயத்தில் ஊறிய பழத்தை இதற்கு எடுக்காதீர்கள். பழத்தின் பாதியை மட்டும் தோய்த்து, எண்ணெய்த் தாளில் வையுங்கள். கொழும்பில் இருப்பவர்கள் இதற்குப் பிரிஜ்ஜைத் திறக்க வேண்டும். தேங்காயெண்ணெய் போத்தலிலேயே உறைகிற குளிரில் இருக்கும் உங்களுக்கு மேசையே போதும். பிரிஜ்ஜில் வைத்து வெளியே எடுத்தால் மேலே நீர் வியர்த்துப் பளபளப்புப் போய்விடும்.

சரி, முதல் நாள் எவ்வளவு செய்யலாம்? பழத்தைத் திறந்து சுத்தம் செய்து, மூடி இறுக்கமான டப்பாவில் வைக்கலாம். சம்பல், லீக்ஸ் பூரணம் இரண்டையும் முதல் நாளே செய்து பிரிஜ்ஜில் வைக்கலாம். லீக்ஸில் சீஸை மட்டும் மறுநாள் கலக்குங்கள். தயிரும் இரவே வடியட்டும். சொக்லட் வகையை முழுதாக முடித்தே வைத்துவிடலாம். மீதியெல்லாம் அன்று காலையில். வறுத்த தேங்காய் நம் பனிக்காற்றில் சீக்கிரம் நமுத்துப் போகும், அதை வறுத்து ஆறியதும் போத்தலில் அடைத்து, பரிமாறும் நேரத்தில்தான் திறக்க வேண்டும். சீஸ், தயிர் வைத்த பழங்கள் பிரிஜ்ஜுக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே குளிராக இருந்தாலும் ஆட்கள் நிறைந்த அறையும் சமையலறையும் குளிராக இராது.

பிறந்தநாள் என்பதால் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முழுக் கஜுவோ உடைத்த கஜுவோ உள்ளே வைத்துக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு. அவர்களுக்குத் தயிர் வைத்த பழத்தை, தூவிய தேங்காயையும் விட்டு, நீளவாக்கில் நான்காக வெட்டி, உட்கார வைத்துக் கொடுங்கள். கொட்டை ஒன்றாவது தவறி உள்ளே இருந்துவிட்டதா என்று, எடுத்த கொட்டைகளையும் பழங்களையும் எண்ணி ஒப்பிட்டால் நிச்சயமாகத் தெரிந்துவிடும். கச்சான், கஜு ஒத்துக்கொள்ளாத பிள்ளை யாராவது வருகிறதா என்று அம்மாமாரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சீனி வருத்தம் உள்ள பெரியவர்களும் வருவார்கள். பெரிய பழம் ஒன்றிலேயே 16 கிராம் அளவு சர்க்கரை இருக்கிறது, ஏறக்குறைய நாலு தேக்கரண்டி. சின்னப் பழத்தில் ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் கூட. இயற்கைப் பழம்தானே, ஒன்றும் செய்யாது என்று சொல்லித் தட்டை நீட்டாதீர்கள். கேட்டால் லீக்ஸ் வைத்த சின்னப் பழம் ஒன்று கொடுங்கள், கூடவே சீனி போடாத இஞ்சிப் பிளேன்டீ.

மீந்த பழத்தை, பூரணம் வைக்காததை மட்டும், காற்றுப் புகாத டப்பாவில் பிரிஜ்ஜில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. சாயத்தில் ஊறியதை இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். மீந்த சம்பல் மறுநாள் தேங்காய் ரொட்டிக்கு ஆகும்.