அதிகாலை நான்கு மணித் தெருவைக் கேளுங்கள்

கேள்வி: தீபாவளி இரவு எதிர்வீட்டுப் பையன் கொளுத்திய சரவெடியில் மிரண்டு, எங்கள் நாய் பொன்னி கேட் திறந்திருந்த இடுக்கு வழியே ஓடிவிட்டது. மூன்று வயது, செம்பழுப்பு நிற நாட்டு நாய். நான்கு நாட்களாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி தெருத்தெருவாக அலைகிறோம். ஒருமுறை ஏரிக்கரைப் பக்கம் கண்ணில் பட்டது. மகள் கூப்பிட்டுக்கொண்டே ஓடியதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிட்டது. எங்களை மறந்துவிட்டதா? மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. அக்கம்பக்கத்தில் சிலர் உதவ வருகிறார்கள். எதிர்வீட்டாரோடு அன்றே வாக்குவாதம் முற்றிவிட்டதால், அவர்களிடம் போய் நிற்க மனம் இடம் கொடுக்கவில்லை. என்ன செய்வது?
— ஒரு வாசகி, மடிப்பாக்கம், சென்னை

பதில்: சகோதரி, உங்கள் கடிதம் கிடைத்த அன்றே அவசரமானவற்றைத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். தீபாவளிக்குப் பிறகு இதே துயரத்தோடு பலர் எழுதுவதால், அவர்களுக்கும் பயன்படும்படி விரிவாக எழுதுகிறேன்.

பொன்னி உங்களை மறக்கவில்லை. பயம் உச்சத்தில் இருக்கும் நாய்க்கு, தன்னை நோக்கி ஓடி வரும் எந்த உருவமும் ஆபத்தாகத்தான் தோன்றும். அப்போது வளர்த்தவரின் குரல்கூட அதற்குப் பிடிபடாமல் போகலாம். ஆகவே முதல் வேலையாக, ஓடித் தேடுவதையும் உரக்கக் கூப்பிடுவதையும் நிறுத்துங்கள். அடுத்த முறை கண்ணில் பட்டால், நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, அதன் கண்களை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு, வீட்டில் பேசும் சாதாரணக் குரலில் எதையாவது பேசிக்கொண்டிருங்கள். கையில் கருவாட்டுத் துண்டோ அவித்த கோழியோ இருக்கட்டும். அரை மணி நேரம் ஆனாலும் அது உங்களிடம் வரவேண்டுமே தவிர, நீங்கள் அதனிடம் போகக் கூடாது.

மிரண்டு ஓடிய நாய் பெரும்பாலும் பகலில் பதுங்கி, தெரு அடங்கிய பிறகே வெளியே வரும். நிறுத்தி வைத்த காருக்கு அடியில், மாடிப்படிக்குக் கீழே, பாதியில் நிற்கும் கட்டடத்தில், காலி மனைப் புதரில் சத்தமின்றிக் கிடக்கும். எனவே நீங்கள் தேடும் நேரத்தில் உங்கள் கண்ணில் படாதது வியப்பில்லை. அது நடமாடும் நேரத்தில் தெருவில் இருப்பவர்கள் வேறு மனிதர்கள்: பால் பாக்கெட் போடுபவர், பேப்பர் போடும் பையன், தூய்மைப் பணியாளர்கள், அடுக்குமாடிக் காவலாளி, டீக்கடை அடுப்பைப் பற்றவைப்பவர். நம்மில் பலர் சுவரொட்டி ஒட்டி, வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுவிட்டு, இவர்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை. இதை நான் அனுபவத்தில்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் நாய் தொலைந்தபோது, ஆறு நாட்கள் நாங்கள் மூன்று கிலோமீட்டர் சுற்றி அலைந்தோம். ஏழாம் நாள், தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மா என்னை நிறுத்தி, "உங்க நாய் மாதிரிதான் இருக்கு சார், வாலைக் காலுக்குள்ள சுருட்டிக்கிட்டு, கரி பத்தவைக்கிற நேரத்துல அந்த ஷெட்டுப் பக்கமா போகுது" என்றார். அந்த ஷெட் எங்கள் வீட்டிலிருந்து நான்காவது கட்டடம். தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த ஒரு முழ இடைவெளியில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு கிடந்தது. மூக்கு நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

இன்னொரு துப்பு தெருநாய்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. புது நாய் நுழைந்தால் விரட்டும். நள்ளிரவில் எந்தத் தெருவில் திடீரென்று கூட்டாகக் குரைப்பு எழுகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். எல்லை தாண்டிய உங்கள் நாயாகவும் இருக்கலாம். இரவில் தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர் உங்கள் பகுதியில் நிச்சயம் ஒருவராவது இருப்பார். அவருக்கு ஒவ்வொரு நாயையும் தெரியும். அவரை இன்றே கண்டுபிடியுங்கள்.

இனி எதிர்வீட்டு விஷயம். போய்க் கேளுங்கள் என்றுதான் சொல்வேன். தமிழகத்தில் 2018 முதல் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும் மட்டுமே பட்டாசு வெடிக்க அனுமதி உண்டு. அந்த நேரம் மீறப்பட்டிருந்தால் உங்கள் கோபத்தில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த வழக்கைத் தீர்க்கும் நேரம் இதுவல்ல. அந்தப் பையன் உள்ளுக்குள் குறுகிப்போயிருக்க வாய்ப்பு அதிகம். அவனிடம் சைக்கிளும் நண்பர்களும் உங்களைவிட அதிக நேரமும் இருக்கின்றன. அவர்கள் வீட்டு வாசல் கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். "பொன்னியைத் தேட உன் உதவி வேண்டும், துரத்தாமல் பார்த்துச் சொன்னால் போதும்" என்று அவனிடமே நேரில் சொல்லுங்கள்.

சுவரொட்டியில் பெரிய படம், தொலைபேசி எண், "துரத்த வேண்டாம், பார்த்தால் உடனே அழைக்கவும்" என்ற வரி, இவை போதும். ஐப்பசி மழைக்குத் தாங்க பிளாஸ்டிக் உறையில் இட்டு, அனுமதி கேட்டுக் கடைகளிலும் அடுக்குமாடி அறிவிப்புப் பலகைகளிலும் வையுங்கள். பொன்னியின் ஓர் அடையாளத்தை மட்டும் எழுதாமல் வைத்துக்கொள்ளுங்கள். "நாய் என்னிடம் இருக்கிறது, முதலில் பணம் அனுப்புங்கள்" என்று அழைப்பவரிடம் அந்த அடையாளத்தைக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். நாயைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

கழுத்துப்பட்டை கழன்றிருந்தால் மாநகராட்சி வண்டியில் தெருநாயென்று பிடிபட்டிருக்கவும் கூடும். மாநகராட்சியின் 1913 எண்ணில் விசாரிப்பதோடு நில்லாமல், தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யும் நாய் இனக்கட்டுப்பாட்டு மையங்களுக்கும் வேளச்சேரி புளூ கிராஸ் காப்பகத்துக்கும் படத்தோடு நேரில் போய்க் கூண்டுகளைப் பாருங்கள். 'பழுப்பு நாட்டு நாய்' என்று தொலைபேசியில் சொன்னால் ஐம்பது நாய்களுக்குப் பொருந்தும்.

இரவில் வாசலில் அதன் பழைய படுக்கைத் துணியையும் தண்ணீரையும் வைத்து, கேட்டைச் சற்றே திறந்து, ஒருவர் சத்தமின்றி விழித்திருங்கள். பிடிக்கும்போது பயத்தில் அது உங்களையே கடிக்கலாம். கடித்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பொன்னி வீடு திரும்பியதும் அதைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வேறு நாய்களின் பல்பட்ட காயம் இருந்தால், முன்பே தடுப்பூசி போட்டிருந்தாலும் மீண்டும் போட வேண்டியிருக்கும். மகளைத் தேடுதலிலிருந்து ஒதுக்காதீர்கள். யார், எங்கே, எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துவைக்கும் பொறுப்பை அவளிடம் கொடுங்கள். அந்தக் குறிப்புகளை வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தால் நாயின் பாதை புலப்படும்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் கழுத்துப்பட்டையுடன் ஒரு நாய் இரண்டு நாட்களாகப் படுத்திருக்கிறது. உரியவரை எப்படிக் கண்டுபிடிப்பது? மைக்ரோசிப் இருந்தால் அவருக்கே இடம் தெரிந்துவிடுமா?
— ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: தெரியாது. அரிசி மணி அளவிலான அந்தச் சிப், தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் இருக்கும். அதில் 15 இலக்க எண் மட்டுமே உண்டு, இருப்பிடம் காட்டும் வசதி கிடையாது. சிப்பைப் படிக்கும் கருவி வைத்திருக்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால்தான் எண்ணும், எண் பதிவாகியிருந்தால் உரியவரும் தெரியவரும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு அருகில்தான், அங்கே விசாரியுங்கள். அதுவரை நிழலான இடத்தில் தண்ணீரும் சோறும் வைத்துக் கட்டிவையுங்கள். படம் எடுத்துப் பகிரும்போது கழுத்துப்பட்டையின் நிறத்தை மறைத்துவிடுங்கள். உரியவர் என்று வருபவரிடம் முதலில் அதைக் கேளுங்கள், பிறகு அவர் கைபேசியில் இருக்கும் பழைய படங்களைக் காட்டச் சொல்லுங்கள்.