பால்காய்ச்சுக்குப் போகலாமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் ஊர் திங்கள்சந்தைக்குப் பக்கம். என் அண்ணன் ஒரு கட்சியில் உள்ளூர்ப் பொறுப்பில் இருக்கிறான். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பலரிடம் பணம் வாங்கியிருக்கிறான். பக்கத்து வீட்டு அக்காவும் அதில் ஒருத்தி. கணவர் இறந்தபின் மகனுக்காக நகையை விற்றுக் கொடுத்தாள். இரண்டு வருடமாக வேலையும் இல்லை, பணமும் இல்லை.

அடுத்த மாதம் அண்ணனின் புது வீட்டுக்குப் பால்காய்ச்சு. "கூடப்பிறந்தவன விட்டுக் குடுக்காத மக்கா" என்கிறாள் அம்மா. போகவே கூடாது என்கிறாள் மனைவி. எங்கள் ஊருக்கு அடுத்ததுதான் தலக்குளம். தாய் தப்புச் செய்தாள் என்று அவள் விரலையே வெட்டச் சொன்னவர் அந்த ஊர்க்காரரான வேலுத்தம்பி தளவாய் (திருவிதாங்கூர் ராஜாவின் தலைமை மந்திரி) என்று கேட்டு வளர்ந்தவன் நான். அண்ணன் முன்னால் நின்று பேசக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. அண்ணனை விட்டு வந்த விபீஷணன் செய்தது சரியா, கூடவே நின்று செத்த கும்பகருணன் செய்தது சரியா? எனக்குப் புரியும்படி எழுதுங்கள்.

ம.

அன்புள்ள ம.,

முதலில் அந்த விரல் கதையைத் தள்ளி வைப்போம். அது செவிவழிக் கதை, ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். உண்மையென்றே வைத்துக்கொண்டாலும் அன்று அவர் தளவாய். முத்திரையும் படையும் வாளும் அவர் கையில். அப்படிப்பட்டவர் ஒரு கிழவியின் விரலை வெட்ட என்ன தைரியம் வேண்டும்? நம் ஜனங்களுக்கு அந்தக் கதை ஏன் பிடித்திருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. சொந்தக்காரனுக்கு ஒரு நியாயம், ஊரானுக்கு ஒரு நியாயம் என்று நடந்த அதிகாரிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்களின் ஏக்கம் அது. உங்களை அதை வைத்து அளந்துகொள்ளாதீர்கள்.

வேலுத்தம்பியின் தைரியத்தை நான் 1799-இல் பார்க்கிறேன். ஜெயந்தன் நம்பூதிரியும் கூட்டாளிகளும் திருவிதாங்கூர் அரசரைக் கைக்குள் போட்டுக்கொண்டு கட்டாய வசூல் நடத்திய காலம். வேலுத்தம்பி அப்போது தளவாய் ஆகியிருக்கவில்லை. நம் பக்கத்து ஜனங்களைத் திரட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்கே போய் நின்றார். நம்பூதிரியின் ஆட்டம் முடிந்தது. தனக்கு மேலே இருந்தவனை எதிர்த்துப் போனார் பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன். கீழே இருப்பவரைத் தண்டிப்பது வேறு சமாசாரம்.

அப்புறம் கேரளத்து மண்ணடி. 1809-இல் ஆங்கிலேயக் கம்பெனிப் படை துரத்த, அங்கே கோவிலில் ஒளிந்திருக்கிறார். உயிரோடு பிடிபடக் கூடாது, என்னை வெட்டு என்று கூட இருந்த தம்பியிடம் கேட்கிறார். தம்பி மறுக்கிறார். இவர் தன்னையே குத்திக்கொண்டு, உயிர் போகாமல் மறுபடி கேட்க, தம்பி வெட்டுகிறார். இறந்த உடலைத் திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள். பிடிபட்ட தம்பியைக் கொல்லத்தில் தூக்கிலிட்டார்கள். இன்று அண்ணனுக்குத் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் சிலை நிற்கிறது. பத்மநாபன் தம்பி என்ற அந்தத் தம்பியின் பெயரைத் தலக்குளத்திலேயே எத்தனை பேர் சொல்வார்களோ.

கும்பகருணனை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தம்பி நினைவுக்கு வருவார். நீங்கள் அவனை 'கூடவே நின்று செத்தவன்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பெரும்பாலும் எல்லாரும் அப்படித்தான் முடிக்கிறார்கள், பட்டிமன்றங்கள் செய்த வேலை இது. ஆனால் போருக்கு முன்னால் இராவணன் கூட்டிய மந்திர சபையில் அவன் என்ன பேசினான் என்று கம்பனில் எடுத்துப் பாருங்கள். "பேசுவது மானம், இடை பேணுவது காமம், கூசுவது மானுடரை, நன்று நம் கொற்றம்." ஒரு குற்றமும் செய்யாத அடுத்தவன் மனைவியைச் சிறை வைத்துவிட்டு மாசில்லாத புகழுக்கு ஆசைப்படுகிறோம், நம் ஆட்சி ரொம்ப நன்றாக இருக்கிறது போ என்கிறான். தனியாகக் காதில் சொல்லவில்லை. சபை நடுவே, அரியணைக்கு நேராக. விபீஷணனின் பேச்சில் இருப்பது நீதி. இதில் இருப்பது கிண்டல், உடன்பிறந்தவன் மட்டுமே செய்யக்கூடிய கிண்டல். இலங்கையில் வேறு எவன் இராவணனிடம் இப்படிப் பேசியிருக்க முடியும்?

பிறகு களத்தில், இராமன் பக்கம் வந்துவிடு என்று தம்பி விபீஷணன் கெஞ்சும்போது சொல்கிறான்: "நீர்க்கோல வாழ்வை நச்சி நெடிது நாள் வளர்த்துப் பின்னைப் போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர் கொடாது அங்குப் போகேன்." தண்ணீரில் போட்ட கோலம் போன்ற இந்த வாழ்வுக்கு ஆசைப்பட்டு, என்னை இத்தனை நாள் வளர்த்து, போர்க்கோலமும் பூட்டி அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் அங்கே வரமாட்டேன். அதே மூச்சில் தம்பியை இராமனிடமே திரும்பிப் போகச் சொல்கிறான். அந்தக் கடைசி விசுவாசம் சரியென்று நான் சொல்லவரவில்லை. ஒரு கேடுகெட்ட போருக்கு அவன் கையும் உதவியது. ஆனால் சபையில் பேசிய நாக்கோடு அவன் செத்தான். பேசாமலே கூட நின்றவர்கள் இலங்கை முழுக்க இருந்தார்கள், அவர்களை யாரும் பாடவில்லை.

விபீஷணன் மேல் நம் ஊரில் இன்றும் ஒரு சந்தேகம் உண்டு. அவனும் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனான். ஆனால் போன இடத்தில் கிரீடம் கிடைத்தது. "நின்னொடும் எழுவர் ஆனேம்" என்று இராமன் புதிய அண்ணன் தம்பிகளையும் கொடுத்துவிடுகிறான். உங்களுக்கு எந்தக் கிரீடமும் காத்திருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே விபீஷணனைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கட்சியும் ஒரு குடும்பம்தான் என்பதால் நம் மாவட்டத்துக் கதை ஒன்றையும் சொல்கிறேன். 1954 ஆகஸ்ட் 11. தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டுப் போராடியவர்கள் மேல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, பலர் இறந்தார்கள். அன்று திருவிதாங்கூர்–கொச்சியில் பட்டம் தாணுப்பிள்ளை முதல்வர், பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்காரர். அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா உத்தரப் பிரதேசத்தில் சிறையில் இருந்தார். அங்கிருந்தே தந்தி கொடுத்தார்: ராஜினாமா செய்யுங்கள். ஒரு மாகாணத்தில் கைக்கு வந்த ஆட்சி அது, எந்தத் தலைவனும் 'விசாரிப்போம்' என்று சொல்லி இழுத்தடித்திருப்பான். தாணுப்பிள்ளை விலகவில்லை, கட்சியும் லோகியா பக்கம் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் வெளியேறித் தனிக்கட்சி தொடங்க வேண்டியதாயிற்று. புதுக்கடையில் செத்தவர்கள் அவருக்கு ஓட்டும் இல்லை, உறவும் இல்லை.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அண்ணன், அம்மா, மனைவி, உங்கள் வெட்கம் எல்லாம் அதில் விரிவாக இருக்கிறது. அந்த அக்காவுக்கு நாலைந்து வரிதான். நம் ஊர்க் கோவில் கொடைகளில் தம்பிமார் கதையை வில்லில் பாடக் கேட்டிருப்பீர்கள். சகோதரியின் மகனுக்கே உரிமை என்ற மருமக்கள் வழியில் அரச பட்டம் மார்த்தாண்டவர்மாவுக்குப் போக, பழைய ராஜாவின் மக்களான தம்பிமார் பகையாகி வெட்டுப்பட்ட கதை. திருவிதாங்கூரைக் கட்டியெழுப்பியவர் என்று சரித்திரப் புத்தகம் மார்த்தாண்டவர்மாவைக் கொண்டாடும். வில்லுப்பாட்டில் அவருக்காக அழுகிறவர்களை நான் பார்த்ததில்லை, வெட்டுப்பட்டவர்களுக்காகத்தான் அழுகிறார்கள். உங்கள் கதையில் அந்த இடம் அக்காவுடையது.

என் பாட்டியைப் பற்றிச் சொன்னால் ஒருவேளை உங்களுக்கு உதவும். என் மாமா ஒருவர் ஒரு சங்கத்தில் பொறுப்பில் இருந்தபோது ஏழைகளின் பணத்தில் கை வைத்தார். பாட்டி அவரைக் கூப்பிட்டு, மருமகள் முன்னாலேயே, யார் யார் பணம் எவ்வளவு என்று பெயர் சொல்லிக் கேட்டாள். மாமா சத்தம் போட்டார். மறுநாளிலிருந்து அவள் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. ஆனால் போவதை நிறுத்தவும் இல்லை. சாயங்காலம் ஆனால் சின்னச் செம்பில் தண்ணீரோடு போய் அவர் வீட்டுத் திண்ணையில் உட்காருவாள், பேரப்பிள்ளைகளுக்குப் பேன் பார்ப்பாள், தாகம் எடுத்தால் தன் செம்பிலிருந்து குடிப்பாள். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் செம்பைப் பார்ப்பார்கள். ஏழு வருஷம். மாமா திருந்தினார் என்று சொல்ல மாட்டேன், மாடியெல்லாம் கட்டினார். பாட்டிக்குப் பால் ஊற்றக் கூப்பிட்டபோது முற்றத்திலேயே நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை.

உங்கள் அம்மா சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நீங்கள் போகாவிட்டால் அண்ணனுக்கு அது வெறும் குடும்பச் சண்டை, 'பொறாமை' என்று ஊரில் சொல்லிவிட்டுப் போய்விடுவான். ஆகவே போங்கள். ஆனால் பால்காய்ச்சுக்கு முந்தின நாளே போங்கள், வீட்டில் ஆள் குறைவாக இருக்கும். அந்த அக்கா எவ்வளவு கொடுத்தாள் என்று அவளிடம் சரியாகக் கேட்டுக்கொண்டு, அந்தத் தொகையைச் சொல்லியே பேச்சை ஆரம்பியுங்கள்.