கல்யாண வாசலில் மலர் வளையம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். ஆவணியில் என் தங்கைக்குக் கல்யாணம், அம்பாசமுத்திரம் பக்கத்தில் எங்கள் சொந்த ஊர் மண்டபத்தில். தங்கை பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அலங்காரம் எப்படி இருக்கவேண்டும் என்று போனில் நிறையப் படங்கள் சேர்த்து வைத்திருக்கிறாள். மண்டபக் கதவு இரண்டிலும் வட்டமாகப் பூ வளையம், மணவறைக்குப் பின்னால் ஆள் உயரத்தில் ஒரு பெரிய வளையம், எல்லாம் வெள்ளையும் பச்சையுமாக. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் எங்கள் தாய்மாமா படத்தைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இது சாவு வீட்டுக்கு வைக்கதுல்லா" என்று எழுந்து போய்விட்டார். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்கிறார். தங்கை இது மூடநம்பிக்கை என்று அழுகிறாள். டெக்கரேஷன்காரர், ஃபோமில் குத்தி ஒரே நாளில் முடித்துத் தருகிறேன், பாதிக்குப் பிளாஸ்டிக் பூ வைத்தால் செலவும் குறையும் என்கிறார். நான் யார் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

முதலில் மாமா விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கதவில் வளையம் வேண்டாம். மாமா சொல்வதை மூடநம்பிக்கை என்று நான் நினைக்கவில்லை, அது அவர் கண்ணில் பதிந்துபோன காட்சி. நம் ஊரில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் இந்த வட்டத்தை எங்கெல்லாம் பார்த்திருப்பார்? கூட வேலை பார்த்தவர் இறந்தால் ஆபீஸ்காரர்கள் சேர்ந்து எடுத்துக்கொண்டு வருவது, கட்சிக்காரர்கள் பெயர் எழுதிய ரிப்பனோடு கொண்டுவந்து கால்மாட்டில் சாய்த்து வைப்பது, நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குக் கல்லறைகள் மேல் வைப்பது. இவ்வளவுதான். செய்தித்தாளில் 'மலர் வளையம் வைத்து' என்று வந்தால் அடுத்த வார்த்தை அஞ்சலி என்று வாசிக்காமலே தெரியும். மேல்நாட்டிலிருந்து அந்த வட்டம் நம்மிடம் வந்து சேர்ந்த வழி துக்க வீட்டு வழியாகிவிட்டது. அங்கே கிறிஸ்துமஸுக்கு வீட்டுக் கதவில் அதைத் தொங்கவிடுகிறார்கள், கிரேக்கச் சபைக் கல்யாணத்தில் பெண் மாப்பிள்ளை இருவர் தலையிலும் வளையம் வைத்து இரண்டையும் ஒரே நாடாவால் இணைக்கிறார்கள். தங்கை பார்த்த படங்களெல்லாம் அந்த வழியில் வந்தவை. அவள் ஆசையிலும் தப்பில்லை, அவள் கண் பழகியது வேறு, மாமா கண் பழகியது வேறு.

இன்னொன்றும் இருக்கிறது. தாய்மாமன் மாலை போட்டுத்தான் உங்கள் தங்கை மணவறைக்கு வரப்போகிறாள். அந்த மாலையை எடுத்துப் போடுகிற கை அவருடையது. வாசலில் நுழையும்போதே அவருக்கு மனம் சுருங்கினால் அப்புறம் எத்தனை லட்சம் ரூபாய்க்குப் பூ வைத்தும் என்ன பிரயோஜனம்?

சரி, தங்கைக்கு என்ன சொல்வது? வட்டமே நமக்கு ஆகாது என்று யாரும் அவளிடம் சொல்லிவிட வேண்டாம், அது உண்மையும் இல்லை. தலையைச் சுற்றிச் சூடுகிற பூ வட்டத்துக்குத் தமிழில் கண்ணி என்று பெயரே இருக்கிறது. மார்பில் விழுவது தார், தலையில் சூடுவது கண்ணி. சேரனுக்குப் பனை, சோழனுக்கு ஆத்தி, நம் சீமையை ஆண்ட பாண்டியனுக்கு வேம்பு. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் ஒரு கல்யாணம் வருகிறது, படித்துப் பாருங்கள். வரிசையாகக் கால் நட்ட பந்தல், புதுமணல் பரப்பிய தரை, விளக்கு, தொங்கவிட்ட மாலை, ஒரு பக்கம் உளுந்துப் பொங்கலும் சோறும். பிள்ளை பெற்ற பெண்கள் நான்கு பேர் பூவும் நெல்லும் கலந்த தண்ணீரைப் பெண் தலையில் ஊற்றுகிறார்கள், ஈர இதழும் நெல்லும் கூந்தலில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கல்யாணம் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது அந்த ஈரக் கூந்தல்தான்.

அதனால் நான் சொல்லும் யோசனை இதுதான். வளையத்தை நிமிர்த்தி நிறுத்த வேண்டாம், படுக்கப் போடுங்கள். செங்குத்தாக, முகம் காட்டி நிற்கிற வளையம்தான் நமக்குத் துக்கத்தை நினைவுபடுத்துகிறது. அதே வளையத்தை மணவறைக்கு மேலே தரைக்கு இணையாகக் கட்டித் தொங்கவிட்டு, சுற்றிலும் சம்பங்கிச் சரங்களை ஒன்று நீளமாக ஒன்று குட்டையாக இறக்கிவிட்டால் அது குடை மாதிரி ஆகிவிடும். சாமி புறப்பாட்டில் குடையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதில் எந்த உறுத்தலும் வராது. குத்துவிளக்கின் அடியைச் சுற்றி ஒரு வட்டம், வாசலில் உருளித் தண்ணீரைச் சுற்றி ஒரு வட்டம், இதெல்லாம் வைக்கலாம். பந்தியில் மணமக்கள் உட்காரும் இடத்துக்கு மேலேயும் ஒரு சின்னக் குடை தொங்கவிடலாம். தங்கைக்கு அவள் கேட்ட வட்டம் கிடைத்துவிடும். நிறத்தில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். வெள்ளையும் பச்சையும் மட்டும் என்றால் நம் வீட்டுப் பெரிய மனுஷிகளுக்கு மனசு நிறையாது, நடுவில் செவ்வரளியோ கனகாம்பரமோ ஓடட்டும். மாமாவிடம் நீங்களே போய், வாசலில் அது இல்லை மாமா என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், தங்கையை அனுப்ப வேண்டாம்.

அடுத்து அந்த ஃபோம். இதில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் எழுதுவேன். பச்சையாக, செங்கல் மாதிரி, அழுத்தினால் விரல் பதிகிற அந்தக் கட்டி 1954இல் அமெரிக்காவின் ஒகாயோவில் கண்டுபிடித்தது. ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்த்துச் செய்கிற ஒருவகைப் பிளாஸ்டிக். தண்ணீரை நன்றாகக் குடித்துக்கொள்ளும், காம்பைக் குத்தினால் நிற்கும், வேலை சீக்கிரம் முடியும், எல்லாம் சரி. ஆனால் அது மக்காது. பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணிலும் தண்ணீரிலும் அப்படியே கிடக்கும். லண்டனில் செல்சி மலர்க்காட்சி நடத்துகிற தோட்டக்கலைச் சங்கமே 2021லிருந்து தன் காட்சிகளில் அது கூடாது என்று நிறுத்திவிட்டது. சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம், அலங்காரம் பிரமாதமாக இருந்தது, நானே போட்டோ எடுத்தேன். மறுநாள் காலையில் தாமிரபரணியில் குளிக்கப் போனால் படித்துறைக் கல் இடுக்கெல்லாம் பச்சைத் துண்டுகள், அதில் குத்திய ஜெர்பராக் காம்புகள் அப்படியே நீட்டிக்கொண்டு இருக்கின்றன. அலங்காரம் செய்தவர் ராத்திரியோடு ராத்திரியாக வண்டியில் கொண்டுவந்து கரையில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார். நானும் என் அண்ணன் மகனும் இடுப்பளவு தண்ணீரில் நின்று பொறுக்கினோம், கையில் எடுத்தாலே பொடிந்து ஆற்றோடு போனது. அதற்கு அப்புறம் எந்த மேடையில் அந்தப் பச்சையைப் பார்த்தாலும் எனக்கு வயிறு எரியும்.

நம் ஊரில் அதற்கு மாற்று தேடி அலைய வேண்டியதே இல்லை. அம்பாசமுத்திரத்தைச் சுற்றி வாழைத் தோட்டம்தானே. குலை வெட்டிய வாழையை எப்படியும் சாய்க்கத்தான் போகிறார்கள். அந்தத் தடியை முழமாகத் துண்டு போட்டு, பூவை ஈர்க்கில் கோத்துக் குத்தினால் ஃபோம் செய்கிற வேலை அத்தனையும் செய்யும். உள்ளே தண்ணீர் இருப்பதால் பூ வாடாமலும் நிற்கும். கனமாக இருக்கும், அதனால் மேலே தொங்கவிடுவதற்கு உதவாது, தொங்குகிற குடைக்கு மூங்கில் பிளாச்சு வளைத்துக் கட்டச் சொல்லுங்கள். கல்யாணம் முடிந்ததும் தோட்டத்தில் கொண்டு போட்டால் உரம். பிளாஸ்டிக் பூவைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. கல்யாண வீட்டில் வாசனை இல்லாத பூவுக்கு என்ன வேலை?

ஆவணி என்பதால் ஒன்று கவனியுங்கள். முகூர்த்தம் ஓணத்தை ஒட்டி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் தோவாளைப் பூச்சந்தையிலிருந்து வண்டி வண்டியாகப் பூ கேரளத்துக்குப் போகும், அத்தப்பூக் கோலத்துக்குக் கேந்தியும் வாடாமல்லியும் அள்ளிக்கொண்டு போவார்கள், விலை ஏறும். அப்படி வந்தால் கேந்தியைக் குறைத்துவிட்டுக் குருத்தோலையைக் கூட்டிவிடுங்கள். (கேந்தி என்றால் புரியாத வெளியூர்க்காரர்களுக்கு: செண்டுமல்லி.) ஒரே ஒரு நல்ல காரியம், ஆவணியில் மல்லிகை கிடைக்கும், தை முகூர்த்தம் மாதிரிப் பனியில் மொட்டு குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் போகாது. சங்கரன்கோவில் பூவே போதும். ஆனால் மல்லிகையை முந்தின நாள் வாங்கி நிரப்பிவிடாதீர்கள். விடியற்காலம் பறித்த மொட்டு அன்று ராத்திரி விரிந்துவிடும், மறுநாள் முகூர்த்தத்துக்குப் பழுத்துப்போய் நிற்கும். கேந்தி, கோழிக்கொண்டை, சம்பங்கி, அரளி இதெல்லாம் முந்தின சாயங்காலமே கட்டிவிடலாம். மல்லியும் பிச்சியும் அன்று காலையில் மொட்டாக வந்து இறங்கவேண்டும், தலைக்கும் மாலைக்கும். ராத்திரி ரிசப்ஷனில் பெண் நிற்கும்போது அவள் தலையிலேயே விரியும்.

மாலைக்குத் தோவாளை போங்கள். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் ரோட்டில் ஆரல்வாய்மொழி தாண்டினால் தோவாளை. 2025இல் தோவாளை மாணிக்க மாலைக்குப் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். செவ்வரளியையும் வெள்ளை அரளியையும் இதழ் மடித்து மடித்து, இடையில் நொச்சி இலை கொடுத்து, பாய் பின்னுகிற மாதிரி தட்டையாகப் பின்னிக்கொண்டு போவார்கள். மடித்த ஒவ்வொரு பூவும் கல் பதித்தது மாதிரி இருக்கும். தங்கை காட்டிய படத்தில் இருக்கிற ஒழுங்கும் நேர்த்தியும் இதில் அப்படியே இருக்கிறது, அவளுக்கு ஒரு மாலையை நேரில் காட்டுங்கள். அரளி விஷச்செடி, அதை மட்டும் மறக்க வேண்டாம். மணவறையில் இருக்கட்டும், பந்தி மேஜையிலும் அதற்கு மேலே தொங்குகிற குடையிலும் பிள்ளைகள் கைக்கு எட்டுகிற உயரத்திலும் வைக்கக்கூடாது, உருளியிலும் போடவேண்டாம்.

வாசலுக்கு நான் எதுவும் புதிதாகச் சொல்ல மாட்டேன். குலை தள்ளிய வாழை இரண்டு, பக்கத்தில் கூந்தல் பனைக் குலை, மாவிலைத் தோரணம். கூந்தல் பனை சரம் சரமாக இறங்கி நிற்பதைப் பார்த்த பிறகு கதவில் வேறெதுவும் வேண்டும் என்று தங்கைக்கே தோன்றாது என்று நம்புகிறேன். குருத்தோலைக்கு மட்டும், நன்றாகக் காய்க்கிற தென்னையில் கை வைக்க விடாதீர்கள். ஒவ்வொரு ஓலைக் கக்கத்திலும் ஒரு பாளை, குருத்தை உருவினால் பின்னால் வரவேண்டிய ஒரு குலையும் போயிற்று. வெட்டப்போகிற மரம் யாரிடமாவது இருக்கும், விசாரியுங்கள்.

எங்கள் அத்தை கல்யாணத்தில் பூ முழுவதையும் தெருப் பெண்கள்தான் கட்டினார்கள். எனக்கு ஏழோ எட்டோ வயது. வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து நனைத்து எடுத்துக் கொடுப்பது என் வேலை, காய்ந்த நார் என்றால் பட்டென்று அறுந்துவிடும், ஒரு பெரியம்மை என் தலையில் செல்லமாகக் குட்டுவாள். இரவு முழுக்கப் பேச்சு. யார் வீட்டுப் பெண் எங்கே கட்டிக்கொண்டு போனாள், யார் மாமியார் எப்படி என்பதெல்லாம் அந்தச் சரத்தோடு சேர்ந்து கட்டப்பட்டது. காலையில் அத்தை தலையில் வைத்த பூவைப் பார்த்து அவர்கள் ஒவ்வொருவரும் இது நான் கட்டியது என்றார்கள். இன்றைக்குத் தெருவே கூடி உட்காராது, தெரியும். ஆனால் முந்தின சாயங்காலம் மண்டபத்தில் ஒரு பாயை விரித்து, பத்துக் கிலோ சம்பங்கியைக் கொட்டி, ஒரு வாளித் தண்ணீரில் நாரைப் போட்டு வைத்துவிட்டால் சித்தியும் அத்தையும் தானாக வந்து உட்காருவார்கள். குடைக்கு இறக்குகிற சரம் முழுவதும் அங்கேயே முடிந்துவிடும். தங்கையின் பெங்களூர்த் தோழிகளையும் உட்கார வையுங்கள், ஒரு மணி நேரத்தில் கை பழகிவிடும்.

தோவாளைக்கு மாமாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். சந்தை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும், அதனால் ராத்திரியே காரைச் சொல்லி வைத்துவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். தங்கையை முன் சீட்டில் அவர் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். மாலையை மாமாவே தேர்ந்தெடுக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் அண்ணாச்சி