சந்தையில் வாங்கி வந்த மாட்டுக்குச் சளி, இருமல். கஷாயம் ஊற்றினால் சரியாகிவிடுமா?

ஊற்றாதீர்கள். மிச்சத்தை அப்புறம் நிதானமாகப் படிக்கலாம்.

நான் டாக்டர் இல்லை. திருவல்லிக்கேணியில் அப்பா காலத்திலிருந்து மாடு வைத்துப் பால் ஊற்றுகிற குடும்பம். "பரம்பரை வைத்தியத்தைக் கேவலப்படுத்துகிறான்" என்று திட்ட வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். கஷாயத்தோடு எனக்குச் சண்டையில்லை, பாட்டிலோடுதான்.

மூன்று வருஷம் முன்னால் ஐப்பசி மழையில் எங்கள் செவலைக்கு வயிறு உப்பிக்கொண்டது. நல்லெண்ணெயில் பெருங்காயம் கரைத்து பீர் பாட்டிலில் எடுத்துப் போனேன். தம்பி மூக்கணாங்கயிற்றை இழுத்துத் தலையை அண்ணாந்து பிடிக்க, நான் நாக்கை வெளியே இழுத்துக்கொண்டு ஊற்றினேன். அப்பா அப்படித்தான் செய்வார். பாதியில் இருமியது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். மிச்சம் வீணாகுமே என்று அதையும் ஊற்றினேன்.

உப்புசம் இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் தீனியைத் தொடவில்லை. கழுத்தை நீட்டி, முன்னங்கால்களை அகட்டி நின்றது. மூக்கில் நாற்றமடிக்கிற சளி. மழையில் நனைந்ததுதான் காரணம் என்று சாம்பிராணிப் புகை வேறு போட்டேன். டாக்டர் வந்து பார்த்தார், 105 டிகிரி. மாட்டுக்கு 101, 102தான் சாதாரணம். நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, "வாயில என்ன ஊத்துனீங்க?" என்றார். நுரையீரலுக்குள் போன எண்ணெயை வெளியே எடுக்க முடியாதாம். ஐந்து நாள் ஊசி போட்டார். ஆறாம் நாள் விடியற்காலை போய்விட்டது. அதன் கிடாரி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது, அதன் வாய்ப்பக்கம் பாட்டிலை நான் கொண்டுபோனதே இல்லை.

உங்களுடையது சந்தையிலிருந்து லாரியில் வந்த மாடு. பயண அலைச்சலில் உடம்பு தளர்ந்தால், மூக்கிலும் தொண்டையிலும் சும்மா கிடந்த கிருமி நுரையீரலுக்கு இறங்கிவிடும். வெயில் ஏறுமுன் விலா ஏறி இறங்குவதை எண்ணுங்கள். நிமிஷத்துக்கு 40ஐத் தாண்டினாலோ, காய்ச்சல் 103க்கு மேல் போனாலோ அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். தொண்டை வீங்கியிருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள், அது சீக்கிரமே உயிரை வாங்கிவிடும் தொண்டை அடைப்பான் நோயாக இருக்கலாம். அதற்கு வருஷா வருஷம் மழைக்கு முன்னால் தடுப்பூசி உண்டு. சளிக்கு டாக்டர் போடுகிற ஊசியை, இரண்டிலேயே மாடு தெளிந்துவிட்டதென்று நிறுத்தாதீர்கள், திரும்ப வந்தால் மோசமாக வரும். ஊசி போட்ட மாட்டின் பாலை டாக்டர் சொல்கிற நாள்வரை விற்காதீர்கள். (நீங்கள் விற்பீர்கள் என்று சொல்லவில்லை.) புது மாட்டை இரண்டு மூன்று வாரமாவது தனியாகக் கட்டுங்கள்.

குளிருக்குப் பயந்து கொட்டகையைத் தார்ப்பாயால் மூடுவதும் தப்பு. மூத்திர நெடி உள்ளேயே தங்கி நுரையீரலைக் கெடுக்கும். உள்ளே ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள், உங்கள் கண் எரிந்தால் மாட்டுக்கும் எரியும்.

எங்கள் கொட்டகைத் தார்ப்பாய் குளிருக்குக் கட்டியது இல்லை, அக்கம்பக்கத்துக்காகக் கட்டியது. அமாவாசைக்கு அகத்திக்கீரையோடு வந்து நிற்கிறவர்களே மறுநாள் நாற்றமென்று புகார் கொடுக்கிறார்கள். எதிர் அடுக்குமாடியில் புதிதாக வந்தவர் பாக்கெட் பால்தான் வாங்குகிறார். கிரகப்பிரவேசத்துக்கு மட்டும் என் மாடு வேண்டுமாம், அதுவும் நாலாவது மாடிக்கு. லிஃப்டில் ஏறுமா என்று கேட்டார்.